ஜன்னலோரத்தைப் பார்த்துச் சொன்னது

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொன்னது கிடையாது. குழம்பில் உப்புக் குறைந்திருந்தால் அப்பா அம்மாவிடம் சொல்லமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஊருல உப்பு விக்கதை நிறுத்திட்டான் போலிருக்கு" என்று என்னிடம் சொல்வார். அம்மாவுக்குச் சித்தியின் மேல் கோபம் என்றால் தொழுவத்தில் நிற்கும் பசுவுக்கு ஏச்சு விழும். பசு அதுபாட்டுக்கு வைக்கோலைத் தின்றுகொண்டிருக்கும். அடுக்களைக்குள் சித்தி பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். சேரவேண்டிய இடத்துக்குச் செய்தி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள வயல்காட்டு ஊர்களில் இதை ஜாடை பேசுவது என்போம். மற்ற ஊர்களிலும் உண்டுதான். ஆனால் எங்கள் ஆட்கள் இதை ஒரு படிப்பாகவே படித்தவர்கள். அதற்கு ஒரு சட்டமும் இருக்கிறது. யாருக்காகச் சொல்கிறோமோ அவரை மட்டும் பார்க்கக்கூடாது. பார்த்தால் அது சண்டை. அந்தத் தப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் தனக்கில்லை என்று சும்மா இருந்துவிடுவார். உரியவருக்குக் காதில் விழும், உறைக்கும், நாலு பேர் முன்னால் மானமும் போகாது.

நான் இதில் கெட்டிக்காரன். இதை ஒரு நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். யார் மனதையும் நோகடிக்காதவன், குரலை உயர்த்தாதவன், தங்கமான மனுஷன் என்று என்னைப் பற்றிப் பேர் உண்டு. அந்தப் பேரை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

நாகர்கோவிலில் ஒரு மொத்தக்கடையில் பல வருஷம் மேனேஜராக இருந்துவிட்டு, மார்த்தாண்டத்துக்குத் தெற்கே கடற்கரைக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு முந்திரி ஆலைக்கு மேனேஜராகப் போனேன். அங்கே ஆலை என்று யாரும் சொல்வதில்லை. முந்திரிக்கொட்டைக்கு அந்தப் பக்கம் அண்டி என்று பெயர், ஆகவே ஆலை அண்டியாபீஸ். நூற்றைம்பது பெண்கள் வேலை செய்தார்கள். பாதிப்பேர் தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்.

போன முதல் வாரத்திலேயே ஒரு காட்சி பார்த்தேன். கொட்டை உடைக்கிற கூடத்தில் இரண்டு பெண்கள் மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளின் பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசினாள். கைகலப்பு ஆகிவிடும் என்று நான் பதறிப்போய் ஓடினேன். கூடங்களை மேற்பார்வையிடுகிற சூப்பர்வைசர் அம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைத் தடுத்து நிறுத்திச் சிரித்தார்.

"சண்டையா? அவளுவ சும்மா பேசிட்டு இருக்காளுவ சாரே. நீங்க போயி சாய குடியுங்க."

சாப்பாட்டு நேரத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே பாத்திரத்திலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடற்கரைக்காரர்கள் இப்படித்தான் போலிருக்கிறது, மனதில் இருப்பதை முகத்துக்கு நேராகப் போட்டு உடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். சொன்னதோடு சரி. இவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால் அது அந்த முகத்துக்குத்தான், வேறு யாருக்கும் இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. மேனேஜர் ஆகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கணினியோ சரக்கோ இல்லை, தன் ஆட்கள் எப்படிக் காதில் வாங்குகிறார்கள் என்பதுதான். இதை இப்போது எழுதுவது எளிது.

உடைத்து, சூட்டில் காயவைத்த பருப்பின் மேல் ஒரு பழுப்புத் தோல் இருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி, பருப்பு உடையாமல் எடுப்பது உரிக்கிற கூடத்து வேலை. அங்கே கிழக்குப் பக்க ஜன்னலோரத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயதிருக்கும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அதனால் நான் அக்கா என்றே கூப்பிடுவேன். கணவர் இல்லை. ஒரே மகள் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். அந்த அக்காவின் கையில் பருப்பு உடைந்து நான் பார்த்ததில்லை. பேச்சும் அவ்வளவாக இல்லை, ஆனால் பேசினால் சுருக்கென்று இருக்கும். ஒருநாள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"சாரே, உங்க ஊருல ஆளுவ சிரிக்கதுக்கும் லீவு எழுதிக் குடுக்கணுமா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையில் அந்த ஆலையில் எனக்கு முதலில் பிடித்துப்போன ஆள் அவர்தான்.

அந்த வருஷம் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் உரிக்கிற கூடத்தில் இருந்தாள். மாப்பிள்ளை கல்யாணமாகி ஒரு மாதத்தில் துபாய் போய்விட்டான். கூடத்துக்குள் போன் கொண்டுவரக்கூடாது என்பது விதி. அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கக்கூஸுக்குப் போய்விடுவாள். அப்போது கக்கூஸ் எங்கேயோ பின்னால் இருந்தது. பாய்லரைத் தாண்டி, மலையாகக் குவித்திருக்கும் கொட்டை ஓடுகளைச் சுற்றி நடக்கவேண்டும். போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம், நடுவில் துபாய். ஒரு நாளைக்கு ஆறு தடவை. மற்ற பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். சூப்பர்வைசர் அம்மா என்னிடம் வந்து சொன்னார்.

இதில் செய்யவேண்டியது என்ன என்று இன்று எந்தச் சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். சூப்பர்வைசர் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை அழைத்து, "நீ செய்யது சரியில்ல பிள்ளே, சாப்பாட்டு நேரத்துல பேசிக்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. நான் செய்யவில்லை. புதுப்பெண்ணை அறைக்கு அழைத்தால் என்ன நினைப்பாளோ என்று ஒரு கூச்சம். நூற்றைம்பது பெண்கள் இருக்கிற இடத்தில் ஒரு ஆண் கக்கூஸ் என்ற சொல்லை எப்படி எடுப்பது என்று இன்னொரு கூச்சம். இவை எல்லாவற்றுக்கும் அடியில், அவள் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடக்கூடாது என்ற ஆசை. அந்த ஆசையைத்தான் நான் அன்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் காலையில் உரிக்கிற கூடத்தின் வாசலில் போய் நின்றேன். நல்ல உரத்த குரலில், ஆனால் கோபமில்லாமல், எங்கள் ஊர்க் கணக்கில் மிகவும் நாகரிகமாகச் சொன்னேன்.

"கொஞ்சப்பேரு இருக்காவ. வேலைக்கு வந்தா ஒரு இடத்துல இருக்கதுக்கு இல்ல. மணிக்கு ஒரு நடை. யாருன்னு நான் சொல்ல வேண்டாம், நமக்கு எல்லாம் தெரியும் பாத்துக்கிடுங்க. இங்க யாரும் சின்னப்பிள்ளை இல்ல, ஒண்ணொண்ணா வந்து சொல்லதுக்கு."

சட்டப்படி நான் அந்தப் புதுப்பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை. யாரும் சந்தேகப்பட முடியாத ஒரு முகம் வேண்டியிருந்தது. கூடத்திலேயே குற்றம் சொல்ல முடியாத ஆள் யாரோ அவரைப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஜன்னலோரத்து அக்காவைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

அவருடைய கத்தி நின்றது. தலை குனிந்தது. நான் அதைக் கவனித்தேன். எல்லாருக்கும் உறைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அறைக்குப் போய் சாயா குடித்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்த அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. கொஞ்ச நாளாக அவரும் அடிக்கடி எழுந்து போய்க்கொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது, டாக்டரைப் பார்க்கவில்லை. இந்த வயதில் இப்படி ஆகிறதே என்று தனக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான், எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் கூடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் புதுப்பெண்ணுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அன்று மத்தியானமே துபாய்க்குப் பேசப் போனாள். பிறகு இரண்டு மாதத்தில் மாப்பிள்ளை விசா அனுப்பிவிட்டான். ஆலை முழுக்க லட்டு கொடுத்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். எனக்கு இரண்டு லட்டு கொடுத்தாள். நல்ல நெய் லட்டு.

அக்கா எழுந்து போவதை நிறுத்திவிட்டார். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார், அதற்குப் பிறகு சாயங்காலம். அதற்கு வழி ஒன்றுதான். தண்ணீர் குடிக்கக்கூடாது. சித்திரை வெயில், பாய்லர் சூடு, கூடமே வெந்துகொண்டிருக்கும். அவர் காலுக்கருகில் ஒரு தண்ணீர் பாட்டில் நிறைந்தபடி இருக்கும். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்முன் கேட்டருகே நின்ற வாழையின் அடியில் அதை ஊற்றிவிட்டுப் போவார். நான் அறை ஜன்னலிலிருந்து பல நாள் இதைப் பார்த்திருக்கிறேன். செடி வாடுவதைக்கூடப் பொறுக்காத மனசு என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் முதலாளி என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். கோட்டுப் போட்ட ஒரு இளைஞர் நாள் முழுக்கப் பேசினார். பாராட்டுவதை எல்லார் முன்னாலும் செய்யுங்கள், கண்டிப்பதைத் தனியாக வைத்துச் செய்யுங்கள் என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டில் எனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆலைக்கு வந்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அக்காவை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"இவங்களைப் பாருங்க. உக்காந்த இடம் உக்காந்த இடம்தான். அசையதே இல்ல. இப்படி இருக்கணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்ற சிரிப்பு அது என்று இப்போது தெரிகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதைப் பற்றி அவர் யோசித்துக்கூட இருக்கமாட்டார். என் ஏச்சுக்கு ஒரு மாதம் பயந்திருப்பார், அப்புறம் மறந்திருக்கலாம். என் பாராட்டு அதை மறக்கவிடவில்லை.

ஆடி மாதம் மூன்று நாள் அவர் வரவில்லை. நான்காம் நாள் சூப்பர்வைசர் அம்மா வந்து, "அந்த அக்காளுக்கு தீனம் கூடிப்போச்சு சாரே, ஆஸ்பத்திரில கெடக்கா" என்றார். அன்று சாயங்காலம் இருவருமாக ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனோம்.

அவர் முகம் வீங்கியிருந்தது. கையில் ஊசி. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

"மாப்பு சாரே. லீவு செல்லாம நின்னுட்டேன். எனக்க இடத்துல ஆரு இருக்கா இப்ப?"

"யாரும் இல்ல அக்கா. அப்படியே கெடக்கு" என்றேன். பொய். அன்று காலையில்தான் வேறொருவரை அங்கே உட்கார வைத்திருந்தேன்.

மகள் என்னைக் கொஞ்சம் வெளியே வரச்சொன்னாள். வராந்தாவில் நின்று, நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சாரே, அம்மையிட்ட நீங்க என்ன செல்லிய?"

"நான் ஒண்ணும் சொல்லலியே மக்கா."

"செல்லியிருக்கிய. நாலு பேருக்க முன்னால என்னைப் பாத்து செல்லிப்போட்டாரு, இனி எந்திரிக்கமாட்டேன்னு அம்மை செல்லிச்சு. வெள்ளம் குடிக்கல்ல. சாயங்காலம் காலி பாட்டில எனக்கிட்ட காட்டும், குடிச்சேன் குடிச்சேன்னு. டாக்டரு கேட்டப்பதான் எல்லாத்தையும் அழுதுகிட்டு செல்லுது. கிட்னி ரெண்டும் போச்சு சாரே."

அந்தப் பிள்ளை அழவில்லை. நான் அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. கேட்டருகே நின்ற வாழை ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்துபோனது. அடுத்து நான் செய்யவேண்டியது ஒன்றுதான், உள்ளே போய் அந்த அக்காவிடம் நேராகச் சொல்வது. அன்று சொன்னது உங்களுக்கில்லை, என் மேல்தான் தப்பு என்று சொல்வது.

உள்ளே போனேன். கட்டிலருகே நின்றேன். சொல் நெஞ்சுவரை வந்தது. பிறகு, கடவுளே, என் முகம் தானாகவே திரும்பிக்கொண்டது. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்:

"ஆலையில ஆளுக்கு உடம்புதான் முக்கியம். எந்திரிச்சுப் போறதுக்கெல்லாம் யாரும் யோசிக்கக்கூடாது. யாரோ என்னமோ சொன்னா அதை மனசுல வச்சுக்கிட்டு உடம்பைக் கெடுக்கக்கூடாது பாத்துக்கிடுங்க."

இதுதான் என் மன்னிப்பு. எங்கள் வீட்டில் ஆகியிருந்தால் சித்திக்குப் புரிந்திருக்கும். அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சாரே, அவளை ஏசாதீங்க. அவ எனக்கிட்ட ஒண்ணும் செல்லல்ல. பாவம் அவ."

நான் சூப்பர்வைசர் அம்மாவைத் திட்டுகிறேன் என்று நினைத்து அவருக்காகப் பரிந்து பேசினார். அந்த நிலைமையிலும். அன்று நான் யாரைச் சொன்னேன் என்று தெரிந்த சூப்பர்வைசர் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஆரஞ்சுப்பழப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டரையும் தனியாகப் போய்ப் பார்த்தேன். சர்க்கரை தெரியாமலே வெகுநாள் இருந்திருக்கிறது, அது பாதி கெடுத்திருக்கிறது. தண்ணீர் குடிக்காததும், அடக்கி அடக்கி வைத்ததில் கிருமி ஏறியதும் மீதியைக் கெடுத்துவிட்டது என்றார். சில நாள் நான் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். பாதி என்னுடையது இல்லை என்று. ஆனால் மீதிப் பாதியை யார் கணக்கில் வைப்பது என்று கேட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலாளியிடம் போய், கூடத்துக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் கட்டவேண்டும் என்றேன். காரணம் கேட்பார், செலவு என்பார் என்று பல நாள் தயங்கியிருந்த விஷயம். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "கட்டிடுவோம். முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். மூன்று வாரத்தில் கட்டி முடித்தார்கள். உரிக்கிற கூடத்து வாசலிலிருந்து முப்பது காலடி வைத்தால் போதும். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் யாரிடமும் எதையும் நேராகக் கேட்டதில்லை.

அக்காவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆயிற்று. வேலை நின்றது. முதலாளி ஒரு தொகை கொடுத்தார், பெண்கள் எல்லாருமாக ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு வாரமும் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஒரு வாரம் லோடு வந்தது. ஒரு வாரம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. இன்னொரு வாரம் மழை. பஸ்ஸில் போகும்போது வாக்கியத்தைச் சொல்லிப் பழகுவேன். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆறு மாதம் இப்படியே போனது.

அப்புறம் ஒருநாள், புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்கவேண்டும் என்று முதலாளி சொன்னார். பக்கத்து ஆலைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருத்தருக்குச் சொல்லவேண்டியதை ஊருக்குச் சொல்லாதீர்கள். ஒருவர் பழக்கம் திடீரென்று மாறினால், அது நல்லதாக மாறினாலும், ஏன் என்று போய்க் கேளுங்கள். சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று திரும்ப விசாரியுங்கள். தப்பு உங்கள் மேல் என்றால் அன்றைக்கே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள், நாள் போனால் நாக்கு எழாது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன்.

பின்வரிசையில் எங்கள் சூப்பர்வைசர் அம்மா எழுந்தார்.

"சாரே, நீங்க அந்த அக்காளிட்ட போயி செல்லியாச்சா?"

மற்றவர்களுக்கு என்ன ஏது என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "இல்ல" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்திருந்தது. பாதி ஆளாகியிருந்தார். என்னைக் கண்டதும், "சாரே, வழி தெரிஞ்சு வந்துட்டியளே" என்று சிரித்தார். மகள் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அக்கா, அன்னைக்குக் கூடத்துல நான் சொன்னது உங்களை இல்ல."

"எதை?"

"அடிக்கடி எந்திரிச்சுப் போறாவன்னு சொன்னது."

"என்னைப் பாத்துதானே சாரே செல்லிய?"

"உங்களைப் பாத்தேன். உங்களைச் சொல்லல. உங்க மேல ஒரு குத்தமும் கிடையாதுன்னுதான் உங்களைப் பாத்தேன். எங்க ஊருல அப்படிப் பேசுவோம். சொல்ல வேண்டிய ஆளைப் பாக்கமாட்டோம். பேசத் தெரியாம பேசிட்டேன் அக்கா. தப்பு என்னுடையது. ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கணும், சொல்லத் தைரியம் இல்ல."

சொல்லிவிட்டேன். ஆறு மாதமாகச் சுமந்தது. ஒரு கணம் நெஞ்சு லேசானது போல இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவர் புருவம் சுருங்கியது. நான் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப ஆரை?"

அந்தப் புதுப்பெண்ணைச் சொன்னேன். இனி மறைத்து என்ன.

"அவளா? அவ நல்லா இருக்கா. போன மாசம் போட்டோ அனுப்பியிருந்தா. வயித்துல பிள்ளை." அவர் குரலில் அந்தப் பெண்மேல் வாத்சல்யம்தான் இருந்தது.

மகள் ஒரு சின்ன டம்ளர் கொண்டுவந்தாள். அதில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் இருந்தது. டயாலிசிஸ் செய்கிறவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றும், சாயங்காலத்துக்கு இவ்வளவுதான் என்றும் சொல்லிவிட்டு, அதைத் தாயின் கையில் கொடுத்தாள். அக்கா அதை வாயருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை. டம்ளரைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல், தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிறதுபோலக் கேட்டார்:

"என்னைச் செல்லல்லன்னா, அப்ப நான் எதுக்கு சாரே வெள்ளம் குடிக்காம இருந்தேன்?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார்.